மூணு கால் ஓட்டத்தில் ‘லெஃப்ட், ரைட்’ சொல்லாதீர்கள்

எங்கள் தெருப் பொங்கல் விளையாட்டில் சாக்கு ஓட்டம், லெமன் ஸ்பூன் எல்லாம் முடிந்த பிறகுதான் மூணு கால் ஓட்டம். முட்டி பெயர்ந்து பெயர்ந்து நான் இப்போது விசில் ஊதும் பக்கம் வந்துவிட்டேன். ஆனாலும் வருஷா வருஷம் புது ஜோடிகள் என் பழைய தப்பையே செய்து குப்புற விழுவதைப் பார்த்தால் வாய் சும்மா இருப்பதில்லை. செருப்பைக் கழற்று, வேட்டியை மடித்துக் கட்டு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள்.

லெஃப்ட், ரைட்

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பள்ளிக்கூட டிரில் பழக்கத்தில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது இதுதான். கொஞ்சம் யோசியுங்கள்: பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறீர்கள், உங்கள் வலது காலோடு அவருடைய இடது கால் கட்டியிருக்கிறது. ‘லெஃப்ட்’ என்றதும் நீங்கள் கட்டில்லாத காலை வீசுவீர்கள், அவர் கட்டிய காலை இழுப்பார், நீங்கள் ஊன்றி நிற்கும் காலும் அதோடு போய்விடும். நானும் என் மச்சானும் அப்படித்தான் விழுந்தோம். கோட்டுக்கு நாலடி இருந்தது, முதல் பரிசு எவர்சில்வர் குடம். எழுந்ததும் ‘நீ ஏன்டா தப்பான காலை வைத்தாய்’ என்று அவன் என்னைக் கேட்டான், நான் அவனைக் கேட்டேன். ரெண்டு பேரும் சொன்னபடிதான் வைத்தோம், சொன்னதுதான் தப்பு! அந்தக் குடத்தை எடுத்தவர்கள் வீட்டுக்குப் போனால் அத்தை இன்றும் அதிலிருந்துதான் தண்ணீர் மொண்டு தருகிறார்.

‘உள்ளே, வெளியே’ என்று சொல்லுங்கள். உள்ளே என்றால் கட்டிய கால், வெளியே என்றால் மற்றது. முதல் அடி எந்தக் கால் என்பதை விசிலுக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். அப்புறம், ஒருவர் மட்டும் சொன்னால் போதும். ரெண்டு பேரும் கத்தினால் மறுபடி பழைய கதைதான்.

வேகமானவன் இழுத்துக்கொண்டு ஓடுவது

குட்டையானவர் எடுத்து வைக்கும் அடிதான் அளவு. நெட்டையானவர் தன் அடியைச் சுருக்கித்தான் ஆக வேண்டும், இதில் கௌரவம் பார்க்க முடியாது. 1909-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஹாரி ஹில்மன், லாசன் ராபர்ட்சன் என்ற ரெண்டு அமெரிக்கர்கள் இப்படிக் காலைக் கட்டிக்கொண்டு 100 கெஜத்தை, அதாவது 91 மீட்டர் சொச்சத்தை, 11 விநாடியில் ஓடியிருக்கிறார்கள். கட்டில்லாமல் தனியாக ஓடினாலும் நம் தெருவில் யாருக்கும் அது வராது.

கயிறு

வேண்டாம். கணுக்காலுக்கு மேலே துண்டு.

கை

கையைக் கோத்துக்கொண்டால் ஓடும்போது தோள் பிரிந்து பிரிந்து போகும். இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள்.

கோட்டைத் தாண்டியதும்

உடனே ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் குதிக்காதீர்கள், கால் இன்னும் கட்டித்தான் இருக்கிறது. எங்கள் குடத்தை ஜெயித்தவர்கள் அங்கேதான் விழுந்தார்கள். எனக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது.