மோரா கத்தி: வேலை வாங்கும் முறையும் பராமரிப்பும்

சுவீடனின் மோரா நகரை அடுத்த ஊஸ்ட்னோர் கிராமத்தில் 1891இல் தொடங்கப்பட்ட ஒரு தொழிற்கூடத்திலிருந்து வளர்ந்ததே இன்று மோராக்னிவ் என்னும் பெயரில் கத்தி செய்யும் நிறுவனம். அதன் கம்பானியன் என்ற மடங்காத கத்தி ஏறத்தாழ 10 செ.மீ. நீள அலகும் வழுக்காத கைப்பிடியும் பிளாஸ்டிக் உறையும் கொண்டது. அழகுப் பொருளாக அலமாரியில் வைக்கத் தோன்றாத அளவுக்கு மலிவானது என்பதே, என் கணிப்பில், அதன் முதல் தகுதி.

உறையிலிருந்து எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்கக் கூடாது. கைப்பிடியைப் பற்றிய கையின் கட்டைவிரலை உறையின் விளிம்பில் ஊன்றித் தள்ளினால், கத்தி அதிராமல் விடுபடும்.

சாக்குத் தையலைப் பிரிக்கவும், நைலான் கயிறு, அட்டைப்பெட்டி, சொட்டுநீர்க் குழாய் முதலியவற்றை அறுக்கவும், செடிக்கு ஊன்றும் குச்சியைக் கூராகச் சீவவும் இது ஒன்றே போதும். கயிற்றை வளைத்து, வளைவின் உட்புறத்தில் அலகை வைத்து, உடலுக்கு வெளிப்புறமாக இழுத்தறுக்க வேண்டும். கைப்பிடிக்குள் அலகின் வால் முழு நீளத்துக்கும் செல்லாததால், தேங்காய் உடைப்பதற்கும் டின் மூடியை நெம்புவதற்கும் இதை எடுக்கக் கூடாது. அவ்வேலைகளுக்கு அரிவாளும் நெம்புகோலும் இருக்கின்றன.

இக்கத்தியின் உண்மையான வசதி தீட்டும்போதுதான் தெரியும். அலகின் இருபுறமும் விளிம்புவரை ஒரே சரிவாக இறங்கும் அகலமான பட்டை இருப்பதால், கோணத்தைக் கண்ணளவில் ஊகிக்க வேண்டியதில்லை. நனைத்த 1000 எண் (கல்லின் மணல் நயத்தைக் குறிக்கும் எண்) சாணைக்கல்லின்மீது அப்பட்டை முழுவதும் படியுமாறு வைத்து, மிதமாக அழுத்தித் தேய்த்துவந்தால், சிறிது நேரத்தில் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும்பும். விரல் நுனியை விளிம்புக்குக் குறுக்காக, முதுகிலிருந்து வெளியே வருமாறு, மெல்லத் தடவினால் அது தட்டுப்படும். பிசிறு அடிமுதல் நுனிவரை எழும்பிய பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். பாதியில் திருப்பினால் நுனிப்பகுதி மழுங்கலாகவே நின்றுவிடும், பெரும்பாலோர் பொறுமையிழப்பதும் இங்கேதான். இறுதியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், அலகின் முதுகு முன்செல்லுமாறு, சிலமுறை இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். தொங்கவிட்ட தாளின் ஓரத்தை அலகு கிழிக்காமல் சீராக அறுத்துச்சென்றால் கூர் போதுமானது.

கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு என இரு வகைகளில் இது கிடைக்கிறது. முன்னது தீட்ட எளிது. ஆனால் ஈரத்துடன் விட்டால் ஒரே இரவில் துருவேறும். மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கியபின் அதில் படியும் சாம்பல் நிறக் கறை துரு அன்று; அதைச் சுரண்டத் தேவையில்லை. வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெயைத் தடவினால் போதும். கடலோரத்தில் வசிப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகு வகையை வாங்குவதே நல்லது. எந்த வகையானாலும், மழையில் நனைந்த உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து, உட்புறம் நன்றாக உலர்ந்த பிறகே கத்தியைச் செருக வேண்டும்.