ஏழாம் மாதத்தில் நின்றுபோன எடை

எடையைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு மாற்றி இணைக்கும் இரைப்பை பைபாஸ் அறுவைச் சிகிச்சை முடிந்து ஏழாம் மாதம். அதுவரை சீராக இறங்கிவந்த எடை ஐந்து வாரங்களாக அசையவே இல்லை. சாப்பாட்டைக் குறைத்தேன், சோர்வுதான் மிச்சம். நடையை இரட்டிப்பாக்கினேன், பயனில்லை. எடைக்கருவியைக்கூட மாற்றிப் பார்த்தேன்.

பிறகு உணவியல் நிபுணர் சொன்னபடி, சாப்பிடுவதையும் குடிப்பதையும் நேரம் குறித்து ஒரு வாரம் எழுதிவைத்தேன். அங்கேதான் பிடிபட்டது: ஒவ்வொரு கவளத்துக்கும் இடையே ஒரு மிடறு தண்ணீர்! சிறிதாக்கப்பட்ட இரைப்பையிலிருந்து உணவு தண்ணீரோடு சீக்கிரம் இறங்கிவிட, ஒரு மணி நேரத்தில் மீண்டும் பசி. அந்தப் பசிக்கு நான் எடுத்தது பிஸ்கட். வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு போகும் இத்தகைய தீனி வயிற்றை நிரப்பாது, கலோரியை மட்டும் சேர்க்கும்.

இப்போது சாப்பிடும்போதும் அதன்பின் 30 நிமிடமும் தண்ணீரைத் தொடுவதில்லை. மற்ற நேரங்களில் சிறுகச் சிறுகக் குடித்து ஈடுகட்டுகிறேன். உடல் வறண்டுவிடக் கூடாது. தட்டில் புரதம்தான் முதலில், நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல். மூன்றாம் வாரம் 800 கிராம் இறங்கியது. அப்பாடா என்றிருந்தது. பழைய வேகம் இல்லை; இந்தக் கட்டத்தில் அது இயல்புதான் என்றார் மருத்துவர்.