ஆகஸ்ட் மாத ரோம்: வேகாமல் சுற்றி வருவது எப்படி?

ஆகஸ்ட்டில் ரோமுக்குப் போகாதே என்று எல்லோரும் சொல்வார்கள். ஜெர்மனியில் வேலை, பிள்ளைகளுக்குப் பெரிய லீவு அப்போதுதான், நாங்கள் போனோம். விசா, விமான டிக்கெட் எல்லாம் உங்களுக்கே தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் வேலை: கொலோசியம் டிக்கெட். அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள், பெரியவர்களுக்கு 18 யூரோ, அதிலேயே பக்கத்தில் உள்ள பழைய இடிபாடுகளான ரோமன் ஃபோரமும் பாலடைன் குன்றும் அடக்கம். தெருவில் மறித்து "வரிசையே இல்லை" என்று விற்பவர்களிடம் பேச்சே வேண்டாம்.

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடலாம். படிவமோ பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்கு ஏது குடும்பப்பெயர்? என் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி, நான் பழக்கதோஷத்தில் அப்பாவின் இனிஷியலைத் தட்டிவிட்டேன், கூடவே மனைவியின் பெயரில் ஒரு எழுத்தையும் விட்டுவிட்டேன். முந்தைய நாள் இரவில்தான் பார்த்தேன், தூக்கம் போச்சு. கடைசியில் விட்டுவிட்டார்கள், ஆனால் அந்தப் பதற்றம் உங்களுக்கு வேண்டாம். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் திறந்து வைத்து எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். குடும்பப்பெயர் இல்லையென்றால், இப்போதெல்லாம் நான் இரண்டு கட்டத்திலும் ஒரே பெயரைப் போடுகிறேன்.

அடுத்தது நாளைத் தலைகீழாக மாற்றுவது. காலை ஏழுக்கு வெளியே, பன்னிரண்டுக்கு அறைக்குள், மாலை ஆறுக்கு மறுபடி வெளியே. அறையில் ஏசி உண்டா என்று புக் செய்யும் முன் பாருங்கள், இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். 1874 முதல் தெருவெங்கும் இரும்புக் குழாய்கள் நிற்கின்றன, இன்று சுமார் 2,500 இருக்கும். பெயர் நாசோனி, பெரிய மூக்கு என்று அர்த்தம். சில்லென்ற நல்ல குடிநீர். குனிந்து வாய் வைக்க வேண்டாம். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்னத் துளை வழியாக நீர் வளைந்து பீச்சும், அதில் குடிக்கலாம். என் மகனுக்குக் கொலோசியத்தைவிட இதுதான் பிடித்தது.

பஸ், மெட்ரோவுக்கு வங்கி கார்டைத் தட்டினால் போதும், ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். கார்டு இல்லாதவர்களுக்கு 'T' எழுத்துப் பலகை தொங்கும் தபாக்கி, அதாவது சிகரெட், புகையிலை விற்கும் கடையில் காகித டிக்கெட் கிடைக்கும். பஸ்ஸில் ஏறியதும் அதை இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள், குத்தாவிட்டால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்தான்.

தேதி பார்க்கும்போது ஆகஸ்ட் 15 எங்கே விழுகிறது என்று பாருங்கள். அன்று ஃபெர்ரகோஸ்தோ, அகஸ்டஸ் பேரரசர் காலத்திலிருந்து வரும் விடுமுறை. அதை ஒட்டிய நாட்களில் சின்ன உணவகங்கள் பலவும் கதவில் 'கியூஸோ பெர் ஃபெரியே', அதாவது லீவில் போயிருக்கிறோம் என்று சீட்டு ஒட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். நல்ல சாப்பாடு வேண்டுமானால் மாதத் தொடக்கத்தில் போங்கள். ஐந்தாம் தேதி அங்கே இருந்தால் சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயத்துக்குப் போங்கள். கோடையில் பனி பெய்ததாகச் சொல்லும் பழைய கதையின் நினைவாக, கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைக் கொட்டுவார்கள்.

வத்திக்கானுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். ஒரு மெல்லிய துப்பட்டா பையில் இருந்தால் சமாளிக்கலாம்.

பின்சேர்க்கை: பிள்ளைகளுக்குக் கொலோசியம் இலவசம்தானே, டிக்கெட் எதற்கு என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். 18 வயதுக்குக் கீழே இலவசம் சரி, ஆனாலும் அவர்களுக்கும் பூஜ்ஜிய விலை டிக்கெட்டை உங்களுடையதோடு சேர்த்தே எடுக்க வேண்டும். அதிலும் பெயர் கேட்கும்.