வரைபடத்திலிருந்து மாதிரிப் படகு: முதல் படகாக ஒரு டோரி

மாதிரிப் படகு செய்யக் கிளம்புகிறவர்களில் பலர் முதல் வேலையாக டைட்டானிக் படத்தைத் தேடுவார்கள். இல்லையென்றால் நூறு பீரங்கி வைத்த பழைய போர்க்கப்பல். இரண்டுமே பெரும்பாலும் பாதியில் நின்று பரணுக்குப் போகும். கிட் வாங்கி ஒட்டுவது வேறு வேலை. அதில் துண்டுகள் வெட்டியே வந்துவிடும். கையில் ஒரு வரைபடமும் கொஞ்சம் மரமும் மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கப்போகிறவர்களுக்கு என் பரிந்துரை டோரி.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குத் தென்கிழக்கே கிராண்ட் பேங்க்ஸ் என்ற கடற்பரப்பில் காட் மீன் பிடிக்கப் பயன்பட்ட துடுப்புப் படகு இது. ஸ்கூனர் என்ற பாய்க்கப்பல் இவற்றைத் தளத்தில் ஏற்றிக்கொண்டு போய், மீன் இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றாக இறக்கிவிடும். ஒரு டோரிக்கு ஒருவரோ இருவரோ. பக்கங்கள் வெளியே சாய்ந்திருப்பதால், உட்காரும் பலகைகளைக் கழற்றிவிட்டால் எவர்சில்வர் டம்ளர்போல ஒன்றுக்குள் ஒன்று அடுக்கலாம். தளத்தில் இடம் மிச்சம். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஏம்ஸ்பரியில் 1793-இல் சிமியோன் லோவெல் தொடங்கிய பட்டறை டோரிகளுக்குப் பேர்போனது; இன்றும் அங்கே மரப்படகு கட்டுகிறார்கள்.

நமக்கு இதில் என்ன வசதி என்றால், அடி தட்டை. பக்கங்களின் குறுக்குவெட்டு கிட்டத்தட்ட நேர்கோடு. ஸ்டீல் ஸ்கேலும் கட்டரும் இருந்தால் முக்கால்வாசி வேலையை முடித்துவிடலாம்.

1. படத்தைப் படிக்கப் பழகுங்கள்

உங்களுக்கு வேண்டியது ‘லைன்ஸ் பிளான்’ என்ற, படகின் வடிவத்தைக் கோடுகளால் காட்டும் வரைபடம். அமெரிக்கப் படகுகளுக்கு ஸ்மித்சோனியன் நிறுவனமும், பிரிட்டிஷ் கப்பல்களுக்கு லண்டன் கிரீனிச்சில் உள்ள கடல்சார் அருங்காட்சியகமும் பெரிய வரைபடத் தொகுப்புகளை வைத்திருக்கின்றன. எங்கே கிடைத்தாலும் உள்ளே இருப்பது ஒரே படகின் மூன்று தோற்றங்கள்தான்.

பக்கவாட்டிலிருந்து பார்ப்பது ஷியர் பிளான். மேலிருந்து பார்ப்பது ஹாஃப் பிரெட்த் பிளான். படகின் இரு பக்கமும் ஒன்றுதான் என்பதால் பாதியை மட்டும் வரைந்திருப்பார்கள். மூன்றாவது, முன்னும் பின்னும் இருந்து பார்ப்பது, பாடி பிளான். இதில் நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் படகின் முன்பாதி, மறுபக்கம் பின்பாதி. பழக்கமில்லாதவர்கள் இதை ஒரே வெட்டுமுகம் என்று நினைத்துக் குழம்புவார்கள். கோடுகளின்மேல் உள்ள எண்களைப் பாருங்கள். படகை ரொட்டித் துண்டம்போடுவதுபோல நறுக்கும் இடங்கள் அவை, பெயர் ஸ்டேஷன். ஷியர் பிளானில் 3 என்று இருக்கும் நிலைக்கோடுதான் பாடி பிளானில் 3 என்று இருக்கும் வடிவம். இந்த உறவு பிடிபட்டால் மீதி எல்லாம் கைவேலை.

2. அளவைக் குறையுங்கள்

1:12 எடுத்துக்கொள்ளுங்கள். நிஜப் படகின் ஓர் அடி, மாதிரியில் ஓர் அங்குலம். டோரிகளை அடிப்பலகையின் நீளத்தை வைத்துத்தான் சொல்வார்கள் என்பதால், ‘15 அடி டோரி’ மேல் விளிம்பில் அளந்தால் 18 அடியைத் தாண்டும். மாதிரி அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். மேசை கொள்ளும், விரலும் உள்ளே நுழையும்.

சில படங்களோடு, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உள்ள உயரங்களையும் அகலங்களையும் தரும் ‘ஆஃப்செட் டேபிள்’ என்ற அட்டவணை இருக்கும். அதில் 2-3-5 என்று எழுதியிருந்தால் 2 அடி, 3 அங்குலம், 5 எட்டில் பங்கு அங்குலம் என்று பொருள். பின்னால் ஒரு கூட்டல் குறி இருந்தால் இன்னும் 1/16 அங்குலம் சேர்க்கவேண்டும். 2-3-5 என்பது 27.625 அங்குலம், அதாவது 701.7 மி.மீ. அதைப் 12-ஆல் வகுத்தால் 58.5 மி.மீ. அகலங்கள் எல்லாம் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுக்கப்பட்டவை என்பதை மறக்கவேண்டாம்.

அட்டவணை இல்லையென்றால் படத்தையே அளவு மாற்றி அச்செடுக்கலாம். பிரிண்டர் அமைப்பில் தாளுக்கு ஏற்பச் சுருக்கும் வசதியை அணைத்துவிட்டு, அளவு மாற்றிய படத்தை நூறு சதவீதத்தில் எடுங்கள். பிறகு படத்தில் உள்ள அளவுகோலை ஸ்கேல் வைத்துச் சோதியுங்கள், கிடையாக ஒருமுறை, நெடுக்காக ஒருமுறை. ஜெராக்ஸ் இயந்திரங்கள் ஒரு திசையில் மட்டும் இழுத்துவிடுவதுண்டு. கண்ணுக்குத் தெரியாது, மரத்தில் தெரியும்.

3. பொருட்கள்

பக்கங்களுக்கு 1 மி.மீ. பிளைவுட், அடிக்கு 2 மி.மீ. ஏரோமாடலிங் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். பால்சா வெட்ட எளிது, ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழும். கட்டர், ஸ்டீல் ஸ்கேல், மூலைமட்டம், உப்புத்தாள், துணி கிளிப் ஒரு டஜன், தடித்த அட்டை. அலமாரியில் வைப்பதற்கு என்றால் சாதாரண ஃபெவிகால் போதும். தண்ணீரில் விடுவதாக இருந்தால் தண்ணீர் தாங்கும் வகைப் பசையோ அரால்டைட்டோ வேண்டும்.

4. அச்சுகளை நிறுத்துங்கள்

அச்சு என்பது ஒரு ஸ்டேஷன் வடிவத்தில் தடித்த அட்டையில் வெட்டி, படகு உருவாகும்வரை நிறுத்திவைக்கும் துண்டு. படகைக் கவிழ்த்து வைத்துத்தான் கட்டப்போகிறோம். கோணாத ஒரு பலகையில் நடுக்கோடு ஒன்று போட்டு, அதற்குச் செங்குத்தாக ஸ்டேஷன் கோடுகளை வரையுங்கள்.

அடுத்து ஷியர் பிளானில், படகின் மிக உயரமான முனைக்கும் மேலே, அடிக்கோட்டுக்கு இணையாக ஒரு கோடு இழுங்கள். கவிழ்க்கும்போது அதுதான் உங்கள் பலகை. ஒவ்வொரு ஸ்டேஷன் வடிவத்தையும் அந்தக் கோடு வரை நீட்டி வரையவேண்டும். அப்போதுதான் எல்லா அச்சும் சரியான உயரத்தில் நிற்கும்.

பாதி வடிவத்தைத் தாளில் எடுத்து, நடுக்கோட்டில் மடித்து, இரண்டையும் சேர்த்து வெட்டினால் இரு பக்கமும் ஒன்றாக வரும். வெட்டுவதற்கு முன் படத்தில் உள்ள குறிப்பைப் பாருங்கள்: அளவுகள் பலகையின் வெளிப்புறத்துக்கா, உட்புறத்துக்கா? வெளிப்புறத்துக்கு என்றால் பக்கத்தில் 1 மி.மீ., அடியில் 2 மி.மீ. கழித்துத்தான் அச்சை வெட்டவேண்டும்.

அச்சை ஸ்டேஷன் கோட்டின் எந்தப் பக்கம் ஒட்டுவது? எப்போதும் படகின் நடுவைப் பார்த்த பக்கம். முனைகளை நோக்கிப் படகு குறுகுகிறது. தடிமன் முனைப் பக்கம் போனால், அதன் ஓரம் பக்கப் பலகையை வெளியே தள்ளும். நடுப்பக்கம் இருந்தால் கோட்டின்மேல் உள்ள ஓரம் மட்டும் பலகையைத் தொடும். அச்சுகளின் ஓரத்தில் செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். பசை பிடிக்காது, கடைசியில் படகு எளிதாகக் கழன்று வரும்.

5. அடியும் இரு முனைகளும்

ஹாஃப் பிரெட்த் பிளானிலிருந்து அடிப்பலகையை எடுத்து, நீளத்தில் சில மில்லிமீட்டர் அதிகம் விட்டு வெட்டுங்கள். அடி நெடுக்கில் லேசாக வளைந்திருக்கும். வளைந்த பலகைக்கு, மேலிருந்து தெரியும் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் வேண்டும். முன்முனைக் கட்டையையும், கல்லறைக்கல் மாதிரி மேலே அகன்று கீழே ஒடுங்கிய அந்தப் பின்பலகையையும் அடியோடு ஒட்டி, அச்சுகளின்மேல் குண்டூசியால் நிறுத்துங்கள்.

இப்போது அடிப்பலகையின் ஓரத்தைப் பக்கங்களின் சாய்வுக்கு ஏற்பச் சீவவேண்டும். நேரான குச்சி ஒன்றின் ஒரு முனையில் மட்டும் உப்புத்தாள் ஒட்டுங்கள். தாள் இல்லாத பகுதியை அச்சின் சாய்ந்த ஓரத்தில் படியவைத்து, தாள் உள்ள முனையை அடிப்பலகை ஓரத்தில் தேயுங்கள். சாய்வு எவ்வளவு என்று அச்சே சொல்லிவிடும். ஓர் அச்சிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது சாய்வும் மெதுவாக மாறும். அவசரப்படாதீர்கள், தண்ணீர் கசிவதும் கசியாததும் இந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

6. பக்கப் பலகை: படத்தில் இல்லாத துண்டு

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ஷியர் பிளானில் படகின் பக்கம் அழகாகத் தெரிகிறதே, அதை அப்படியே நகலெடுத்து வெட்டினால் என்ன என்று தோன்றும். வெட்டிப் பாருங்கள், நீளம் போதாது, விளிம்பும் எங்கோ போய் நிற்கும். காரணம், படத்தில் இருப்பது பக்கவாட்டுத் தோற்றம். நிஜப் பலகையோ உள்பக்கமாக வளைந்து, வெளிப்பக்கம் சாய்ந்தும் நிற்கிறது. அதைக் கழற்றித் தரையில் விரித்தால் படத்தில் உள்ளதைவிட நீளமாக இருக்கும்; நன்றாகக் குழிந்து தெரிந்த மேல்விளிம்பு கிட்டத்தட்ட நேராகிவிடும். பலகையின் வடிவத்தைப் படத்திலிருந்து எடுக்க முடியாது. நிற்கும் அச்சுகளிலிருந்துதான் எடுக்கவேண்டும்.

விறைப்பான சார்ட் அட்டையை ஒரு பக்கத்தின்மேல் வளைத்து, நடு அச்சில் முதலில் டேப் போடுங்கள். அங்கிருந்து இரு முனைகளுக்கும் தடவிக்கொண்டே போங்கள். அட்டையை அதன் போக்கில் விடுங்கள்; இழுத்துப் பிடித்து உங்களுக்கு வேண்டிய இடத்தில் நிறுத்தினால் மரம் அங்கே நிற்காது. அடிப்பலகை ஓரம், முன்முனை, பின்பலகை, ஒவ்வொரு அச்சிலும் மேல்விளிம்பின் புள்ளி, எல்லாவற்றையும் பென்சிலால் குறித்து எடுங்கள். புள்ளிகளை ஒரு மெல்லிய மரச்சிம்பை வளைத்து இணையுங்கள். ஏதாவது ஒரு புள்ளி மட்டும் கோட்டைவிட்டு விலகி நின்றால் சிம்பை நம்புங்கள், புள்ளியை நம்பாதீர்கள். ஆனால் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று புள்ளிகள் சேர்ந்து விலகினால் ஏதோ ஓர் அச்சு தவறான இடத்தில் நிற்கிறது என்று அர்த்தம்.

அட்டையை வெட்டி, மறுபக்கத்திலும் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பொருந்தினால்தான் மரத்துக்குப் போகலாம். கீழ் ஓரத்தில் 2 மி.மீ. அதிகம் விட்டு வெட்டுங்கள், ஒட்டியபின் தேய்த்துக்கொள்ளலாம். இரு பக்கங்களையும் ஒரே நாளில், ஒரே பசையோடு ஒட்டுவது நல்லது. ஒரு பக்கம் மட்டும் காய்ந்து இறுகினால் அது படகையே முறுக்கும். முன்முனையில் பலகை முரண்டு பிடித்தால் அந்தப் பகுதியை மட்டும் வெந்நீரில் நனைத்து, கிளிப் போட்டு ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காய்ந்தபின் ஒட்டுங்கள்.

நிஜ டோரியின் பக்கம் மூன்று நான்கு பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமைந்தது. முதல் படகுக்கு ஒரே பலகை போதும். அந்தக் கோடுகளைப் பென்சிலால் அழுத்தி இழுத்துவிட்டால் தூரப் பார்வைக்குச் சரியாக இருக்கும்.

7. மீதி வேலை

ஒரு நாள் காயவிட்டு அச்சுகளிலிருந்து கழற்றுங்கள். ஓடு இப்போது தொளதொளவென்று இருக்கும், பயப்பட வேண்டாம். உள்ளே மெல்லிய சட்டங்களும், மேல்விளிம்பில் ஒரு பட்டையும் ஒட்டியதும் இறுகிவிடும். உட்காரும் பலகைகளை ஒட்டாமல் சும்மா வையுங்கள். அசலிலும் அவை கழற்றுபவைதான். பின்பலகையில் இரண்டு துளை போட்டு ஒரு கயிற்று வளையம் கட்டுங்கள். படகைக் கப்பலுக்குத் தூக்கும் கொக்கி மாட்டும் இடம் அது. வண்ணத்துக்கு வெளிர்மஞ்சள் பொருந்தும், பளபளப்பு இல்லாமல்.

தண்ணீரில் விடுவதானால் உள்ளேயும் வெளியேயும் இரண்டு கோட்டு வார்னிஷ் அடித்துவிட்டு வாளியில் சோதியுங்கள். காலியாக விட்டால் தொட்டதும் ஒரு பக்கம் சாயும். ஒட்டு தவறிவிட்டதோ என்று கவலைப்பட வேண்டாம், அசல் டோரியின் குணமும் அதுதான். அடியில் சின்னச் சின்ன ஈயக் குண்டுகளையோ கூழாங்கற்களையோ பரப்புங்கள். மீன் ஏற ஏற நிலையாக மிதக்கும்படி செய்த படகு இது. பாரம் ஏறியதும் நிமிர்ந்து நிற்கும்.