டிரையம்ஃப் டிஆர் கார்களின் ஓவர்டிரைவ்: சுவிட்ச், ரிலே வயரிங் செய்யும் முறை

டிரையம்ஃப் டிஆர்4, டிஆர்4ஏ, டிஆர்5, தொடக்க கால டிஆர்6 ஆகிய கார்களில் கூடுதல் விலைக்குக் கிடைத்த ஓவர்டிரைவ், கியர்பாக்ஸின் பின்முனையில் பொருந்தியிருக்கும் லேகாக் டி நார்மன்வில் ஏ டைப் ஆகும். டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுற்றும்போது இதை இயக்கினால், அதே வேகத்தில் கார் ஓட, சுற்று 2460-க்கு இறங்கும், விகிதம் 0.82. ஆனால், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான பல கார்களில் இதன் வயரிங் பலர் கைபட்டு, ஒட்டும் வெட்டுமாகக் கிடக்கிறது. அதைப் பழுதுபார்த்துக்கொண்டே இருப்பதைவிடப் புதிதாக இழுத்துவிடுவது நல்லது என்பதே என் கருத்து. பின்னாளில் டிஆர்6-இல் வந்த ஜே டைப்பின் சாலினாய்டு (மின்காந்தத்தால் தண்டை இழுக்கும் பாகம்) சிறிதளவு மின்னோட்டத்தில் ஒரு வால்வை மட்டுமே திறப்பதால், கீழே சொல்லும் கனத்த ஏற்பாடு அதற்குத் தேவையில்லை.

ஏ டைப்புக்கு ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தைத் தரும் சுவிட்ச், ஏன் கட்டாயம் என்பதைச் சாலினாய்டின் உள்ளமைப்பிலிருந்து புரிந்துகொள்ளலாம். அதில் இரண்டு காயில்கள் உள்ளன. முதல் காயில் 15 முதல் 20 ஆம்பியர் வரை இழுத்து, உள்தண்டை ஒரே வீச்சில் மேலே தூக்குகிறது. தண்டு பயணத்தின் முடிவை எட்டியதும் அது உள்ளேயிருக்கும் ஒரு தொடர்பைத் திறந்துவிட, முதல் காயில் அணைந்து, ஏறத்தாழ 1 ஆம்பியர் மட்டுமே எடுக்கும் இரண்டாவது காயில் தண்டைத் தாங்கிப் பிடிக்கிறது. ஸ்டீயரிங் தண்டின் பக்கத்தில் இருக்கும் மெல்லிய சுவிட்சின் முனைகளால் 20 ஆம்பியரைத் தாங்க முடியாது. ஆகவே சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்க, ரிலே சாலினாய்டுக்கு மின்சாரம் தருகிறது.

வயரிங்கில் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஓவர்டிரைவ் பிடித்திருக்கும் நிலையில் ரிவர்ஸ் கியர் போட்டுக் காரை நகர்த்தினால், உள்ளிருக்கும் ஒருவழி ரோலர் கிளட்ச் இறுகி ஓவர்டிரைவ் அலகே உடையக்கூடும். இதைத் தடுப்பதற்காகவே கியர்பாக்ஸின் மேல்மூடியில் தடுப்பு சுவிட்சுகள் பொருத்தப்பட்டுள்ளன. அனுமதிக்கப்பட்ட மேல் கியர்களில் மட்டுமே அவை சுற்றை மூடுகின்றன. எங்கே வயர் அறுந்தாலும், உரசினாலும், ஃபியூஸ் போனாலும் ஓவர்டிரைவ் அணைந்த நிலைக்கே போக வேண்டும் என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பையும் முடிவுசெய்ய வேண்டும்.

இந்த அளவுகோலின்படி பார்த்தால், டிஆர் கார்களில் வழக்கமாகக் காணும் அமைப்பில் ஒரு குறை உண்டு. அதில் ரிலே காயிலின் ஒரு முனைக்கு இக்னிஷனிலிருந்து மின்சாரம் நேராக வருகிறது. மறுமுனை ஸ்டீயரிங் சுவிட்ச் வழியாகவும் தடுப்பு சுவிட்சுகள் வழியாகவும் எர்த்துக்கு, அதாவது காரின் உலோக உடலுக்கு, போகிறது. ரிலேக்கும் அந்த சுவிட்சுகளுக்கும் இடையே ஓடும் வயரின் உறை தேய்ந்து காரின் உடலைத் தொட்டுவிட்டால், சுற்று தானாகவே மூடி, எந்த கியரில் இருந்தாலும் ஓவர்டிரைவ் பிடித்துக்கொள்ளும். இணைப்பு வரிசையை மாற்றினால் இந்த ஆபத்து நீங்கும்: இக்னிஷன் மின்வரவு, 3 ஆம்பியர் ஃபியூஸ், ஸ்டீயரிங் சுவிட்ச், தடுப்பு சுவிட்சுகள், ரிலே காயிலின் 86-ஆம் முனை, அதன் மறுமுனையான 85 எர்த்துக்கு. இதில் வயர் எங்கே உடலைத் தொட்டாலும் ஃபியூஸ் போய்விடும், ஓவர்டிரைவ் விடுபட்டுவிடும். அசல் வரைபடத்தை அப்படியே பின்பற்ற விரும்புவோரின் உணர்வை நான் மதிக்கிறேன். ஆயினும் இந்த ஓர் இடத்தில் மாற்றமே மேல் என்று உறுதியாகச் சொல்வேன். மாற்றும் முன், தடுப்பு சுவிட்சின் இரண்டு முனைகளும் அதன் உலோக உடலிலிருந்து தனித்திருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்பு சுவிட்சுகள் ஒன்றுக்கு மேல் இருந்தால், அவை ஒன்றுக்கொன்று பக்க இணைப்பில்தான் இருக்க வேண்டும். தொடராக இணைத்தால் ஒருபோதும் வேலை செய்யாது, ஏனெனில் ஒரே நேரத்தில் இரண்டு கியர்கள் விழுவதில்லை.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, சாலினாய்டைச் சோதியுங்கள். அதன் ஒற்றை வயருக்கும் உடலுக்கும் இடையிலான மின்தடை, தண்டு இறங்கியிருக்கும்போது ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். தண்டைக் கையால் முழுவதும் உள்ளே தள்ளியதும் பல ஓம்களுக்கு உயர வேண்டும். உயரவில்லையென்றால் உள்தொடர்பு திறக்கவில்லை என்று பொருள். அந்தச் சாலினாய்டை அப்படியே பொருத்தினால் விரைவில் எரிந்துபோகும்.

ரிலேயாக 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர் தாங்கும் நான்கு முனை ரிலே போதும். பேட்டரி மின்வரவை 30-ஆம் முனையிலும், சாலினாய்டுக்குப் போகும் வயரை 87-ஆம் முனையிலும் இணைக்க வேண்டும். மின்வரவை ஸ்டார்ட்டர் சாலினாய்டின் பேட்டரி முனையிலிருந்து எடுத்து, எடுத்த இடத்துக்கு அருகிலேயே 10 ஆம்பியர் தகட்டு ஃபியூஸ் ஒன்றைப் போடுங்கள். 15 முதல் 20 ஆம்பியர் இழுக்கும் சுற்றுக்கு 10 ஆம்பியர் போதுமா என்று ஐயம் எழலாம். இழுக்கும் காயில் நொடியின் சிறு பகுதியே இயங்குவதால், அதற்குள் ஃபியூஸ் உருகாது. தண்டு பாதியில் சிக்கி மின்னோட்டம் குறையாமல் நின்றால் மட்டுமே உருகி, காயிலைக் காப்பாற்றும். பழைய பிரிட்டிஷ் கண்ணாடி ஃபியூஸில் அச்சிட்டிருக்கும் 35 ஆம்பியர் என்பது அது உருகும் அளவு; தொடர்ந்து தாங்கும் அளவு 17 ஆம்பியர். எனவே அதை இங்கே போட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

பேட்டரியிலிருந்து ரிலேக்கும், ரிலேயிலிருந்து சாலினாய்டுக்கும் 3 சதுர மில்லிமீட்டர் வயரும், சுவிட்ச் சுற்றுக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயரும் போதுமானவை. லூக்கஸ் வண்ண முறையில் பழுப்பு பேட்டரி மின்வரவையும், பச்சை ஃபியூஸ் வழியாக வரும் இக்னிஷன் மின்வரவையும், மஞ்சள் ஓவர்டிரைவ் சுற்றையும், கறுப்பு எர்த்தையும் குறிக்கும். அடுத்து இந்தக் காரைத் தொடப்போகிறவருக்காகவாவது அந்த வண்ணங்களையே பயன்படுத்துங்கள். உலோகத் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் கட்டாயம் வேண்டும். சைலன்சர் குழாயிலிருந்து வயரைத் தள்ளியே கொண்டுபோக வேண்டும். கியர்பாக்ஸ் மூடிக்கு வெளியே எளிதில் எட்டும் இடத்தில் ஓர் இணைப்பான் வைத்துவிட்டால், பின்னாளில் கியர்பாக்ஸை இறக்கும்போது வயரை வெட்ட வேண்டியிருக்காது.

டிஆர்4, டிஆர்4ஏ கார்கள் பாசிட்டிவ் எர்த் முறையில், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்தபடி, வந்தவை. ரிலேயின் முனைகளுக்கும் காயிலுக்கும் திசை பொருட்டல்ல; ஆனால் உள்ளே டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் பாகம்) வைத்த ரிலேயை அக்காரில் வழக்கம்போல் இணைத்தால் டயோடு குறுக்குச் சுற்றாகி ஃபியூஸைக் கொண்டுபோய்விடும். டயோடுக்குப் பதில் மின்தடை வைத்த ரிலேயை வாங்கினால் இந்தக் குழப்பமே இல்லை.

வயரிங் முடிந்ததும், சாலினாய்டின் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சின் ஓடாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ரிலேயின் 86-ஆம் முனையில் டெஸ்ட் லேம்பை இணையுங்கள். ஓவர்டிரைவ் சுவிட்சைப் போட்ட நிலையிலேயே ஒவ்வொரு கியராக மாற்றிப் பாருங்கள். டாப் கியரில் விளக்கு எரிய வேண்டும். நியூட்ரல், முதல் கியர், ரிவர்ஸ் ஆகியவற்றில் எரியவே கூடாது. ரிவர்ஸில் கியர் தண்டை அசைத்தும் அழுத்தியும் பாருங்கள். ஒரு கணம் மின்னினாலும் காரை நகர்த்தாதீர்கள். தடுப்பு சுவிட்சின் அடியிலுள்ள வாஷர்களைக் கூட்டியோ குறைத்தோ அது சரியான இடத்தில் மூடும்படி செய்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

அடுத்து சாலினாய்டை இணைத்து, அதன் வயரில் நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி, டாப் கியரில் சுவிட்சைப் போடுங்கள். அளவு ஒரு கணம் தாவி, உடனே 1 ஆம்பியர் அளவுக்கு விழ வேண்டும். 15-க்கு மேல் நின்றுவிட்டால் சில நொடிகளுக்குள் அணைத்துவிடுங்கள். தண்டு முழுத் தூரம் போகவில்லை. சாலினாய்டு அசைக்கும் இயக்கு நெம்புகோலில் உள்ள துளையும் ஓவர்டிரைவ் அலகின் உடலிலுள்ள துளையும், சாலினாய்டு இழுத்த நிலையில், 3/16 அங்குலக் கம்பி ஒன்று இரண்டிலும் நுழையும்படி நேராக வர வேண்டும். வராவிட்டால் நெம்புகோலின் பிடிப்புத் திருகைத் தளர்த்தி, கம்பியைச் செருகி, தண்டை முழுதும் உயர்த்திய நிலையில் மீண்டும் இறுக்குங்கள். சோதனைக்குப் பின் கம்பியை எடுக்க மறக்கக் கூடாது.

ரிலே சொடுக்கியும் சாலினாய்டு சோர்ந்து இழுத்தால், எர்த் பக்கத்தைப் பாருங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், அவற்றைக் காரின் உடலோடு இணைக்கும் பட்டைதான் சாலினாய்டின் திரும்பு வழி. துருவைச் சுரண்டி அதை இறுக்கினாலே பல நேரங்களில் குறை தீர்ந்துவிடும்.

சாலைச் சோதனையில், எஞ்சின் சூடேறிய பின் டாப் கியரில் சுவிட்சைப் போட்டால் சுற்று கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இறங்குவதைச் சுற்று காட்டும் கருவியிலேயே காணலாம். அணைத்ததும் அது பழைய அளவுக்கு ஏற வேண்டும். ஏறாமல் அலகு சிக்கிக்கொண்டால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் ரிவர்ஸ் போடக் கூடாது. ஓவர்டிரைவ் பிடித்த நிலையிலேயே காரை முன்னோக்கி மட்டும் ஓட்டிவந்து, நெம்புகோலும் வால்வும் கீழே இறங்கியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.