வீட்டிலேயே வீடியோ புரொஜெக்டர்: வெளிச்சம் தொலையும் இடங்களைக் கணக்குப் பார்த்துக் கட்டும் முறை

ஃபோனை ஷூ டப்பாவுக்குள் வைத்து, முன்னால் ஒரு பூதக்கண்ணாடியை ஒட்டினால் சுவரில் படம் விழும். ஆனால் அதை உட்கார்ந்து பார்க்க முடியாது. 5.5 அங்குல ஃபோன் திரை சதுர மீட்டருக்கு 500 கேண்டலா பிரகாசத்தில் எரிந்தாலும் அதிலிருந்து மொத்தமாக வருவது சுமார் 13 லூமன் (லூமன் என்பது வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அலகு). அதுவும் எல்லாத் திசையிலும் சிதறுகிறது. 17 செ.மீ. தள்ளி இருக்கும் 70 மி.மீ. லென்ஸுக்குள் நுழைவது அதில் நூற்றுக்கு 4 பங்குதான். ஆக, சுவரைச் சேருவது அரை லூமன். லென்ஸை எவ்வளவு மாற்றினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

மாற்ற வேண்டியது வெளிச்சம் போகும் பாதையை. பின்விளக்கு இல்லாத எல்.சி.டி. பேனலை எடுத்துக்கொண்டு, அதன் பின்னால் 100 வாட் எல்.இ.டி. வைத்து, இரண்டு ஃபிரெனல் லென்ஸ்களால் (வட்ட வட்டமாக வரிப்பள்ளம் உள்ள தட்டையான அக்ரிலிக் லென்ஸ்) வெளிச்சத்தை ஒழுங்குபடுத்தி, அவ்வளவும் முன் லென்ஸின் வழியே போகும்படி செய்வதுதான் முறை. அப்படிச் செய்தாலும் இழப்பு அதிகம். அந்த எல்.இ.டி. உண்மையில் 7,000 லூமன் தந்தால் பாதி பேனலை அடையும். வண்ண எல்.சி.டி. பேனல் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 5 முதல் 7 பங்கை மட்டுமே விடும். மீதியில் மூன்றில் ஒரு பங்கு ஃபிரெனல்களிலும் லென்ஸிலும் போய்விடும். கையில் நிற்பது 130, 140 லூமன். 1.5 மீட்டர் அகலப் படத்தில் (குறுக்களவு சுமார் 68 அங்குலம்) இது 100 லக்ஸுக்குச் சற்று மேல் (லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்). திரையரங்குகளுக்கான அளவுகோலான சதுர மீட்டருக்கு 48 கேண்டலாவை எட்ட, சாதாரண வெள்ளைத் திரையில் 150 லக்ஸ் விழ வேண்டும். இருட்டு அறையில் இந்தப் படம் நன்றாகவே இருக்கும். அதே கருவியில் படத்தை 2.5 மீட்டர் அகலத்துக்கு இழுத்தால் 40 லக்ஸுக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் 1.5 மீட்டரை வைத்தே திட்டமிடுங்கள்.

பேனலும் போர்டும்

செலவில் ஏறக்குறைய பாதி இதற்குத்தான் போகும். எச்.டி.எம்.ஐ. டிரைவர் போர்டோடு (வரும் வீடியோ சிக்னலைப் பேனலுக்கு ஏற்றபடி மாற்றும் போர்டு) விற்கும் 5.5 அங்குலப் பேனல் நல்ல தேர்வு. படம் தெரியும் பரப்பு 121 × 68 மி.மீ. வாங்குமுன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, இந்த அளவுப் பேனல்கள் ரெசின் 3டி பிரின்டர்களுக்காகவும் விற்கப்படுகின்றன. அவற்றில் 'மோனோ' என்று குறிப்பிட்டிருப்பவற்றில் வண்ண வடிகட்டி கிடையாது. படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். இரண்டாவது, 1440 × 2560 என்று எழுதியிருந்தால் அது ஃபோனுக்காகச் செய்த நிமிர்ந்த வாட்டப் பேனல். கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே அமைப்புக்குப் போய் 90 டிகிரி திருப்பிக்கொள்ளலாம். டி.வி. பாக்ஸ், செட் டாப் பாக்ஸ், கேம் கன்சோல் எதிலும் பொதுவாக அந்த வசதி இருக்காது. அவற்றை இணைக்கப் போகிறீர்கள் என்றால், படுக்கைவாட்டில் 1920 × 1080 சிக்னலை அப்படியே ஏற்கும் போர்டா என்று விற்பவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். மூன்றாவது, பிக்சல் நெருக்கம் கூடக் கூட வெளிச்சம் புகும் இடைவெளி சுருங்கும். 1.5 மீட்டர் படத்துக்கு 720 வரிகள் கொண்ட பேனலே போதும் என்பது எங்கள் கருத்து. 2கே பேனலில் (1440 × 2560) கூடும் துல்லியத்தைவிட அதில் குறையும் வெளிச்சம் கண்ணுக்குச் சீக்கிரம் தெரியும்.

பழைய டேப்லெட்டிலிருந்து பேனல் எடுப்பவர்கள் தகரச் சட்டத்தையும் பின்விளக்கு அடுக்குகளையும் மட்டும் பிரிக்க வேண்டும். கண்ணாடியின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் போலரைசர் தாளை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) உரித்தால் படமே தெரியாது. ரிப்பன் கேபிள் ஒட்டியிருக்கும் ஓரத்தை வளைக்காதீர்கள். அங்கே ஒரு இழை விட்டாலும் படத்தில் நிரந்தரக் கோடு விழும்.

விளக்கு

100 வாட் சி.ஓ.பி. எல்.இ.டி. (பல சிறு எல்.இ.டி.களை ஒரே தட்டில் நெருக்கி வைத்த வகை), 30 முதல் 34 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். இதற்குத் தேவை கான்ஸ்டன்ட் கரன்ட் டிரைவர், அதாவது கரன்டை மாறாமல் வைத்திருக்கும் பவர் சப்ளை. வோல்டேஜை மட்டும் மாறாமல் வைக்கும் 36 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளையில் நேரடியாக இணைத்தால் எல்.இ.டி. சூடாகும்போது அதன் வோல்டேஜ் தேவை இறங்கும், கரன்ட் ஏறும், அதனால் இன்னும் சூடாகும். இந்தச் சுழலில் எல்.இ.டி. எரிந்துபோகும். 2.4 ஆம்பியரில் ஓட்டுவது எங்கள் பரிந்துரை. வெளிச்சத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவே குறையும். சூடு நன்றாகக் குறையும்.

கூலிங்குக்கு டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பழைய சி.பி.யு. கூலர் போதும். ஹீட் பைப் உள்ள பெரிய கூலராக இருக்கட்டும். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையிலோ பழையது கிடைக்கும். எல்.இ.டி.யைப் பொருத்த அடித்தட்டில் துளை போடும்போது ஹீட் பைப் ஓடும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். பைப் ஓட்டையானால் உள்ளே இருக்கும் திரவம் வெளியேறி, கூலர் வெறும் உலோகக் கட்டியாகிவிடும். இடம் இல்லையென்றால் இரண்டு அலுமினியப் பட்டைகளை மேலே வைத்து இறுக்குங்கள். எல்.இ.டி.க்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும்.

எல்.இ.டி.யின் மேல் 44 மி.மீ. விட்டமுள்ள 60 டிகிரி கண்ணாடி லென்ஸ் பொருத்துங்கள். ரிஃப்ளெக்டர், பிடிப்பு வளையத்தோடு செட்டாகவே விற்கிறார்கள். இது இல்லாவிட்டால் பக்கவாட்டில் சிதறும் வெளிச்சம் பெட்டிச் சுவரைச் சூடாக்குவதோடு சரி.

லென்ஸ் கணக்கு

முன் லென்ஸ் மூன்று கண்ணாடி கொண்ட டிரிப்லெட்டாக இருக்கட்டும். ஒற்றைப் பூதக்கண்ணாடியில் நடுவில் தெளிவாக இருந்தாலும் மூலைகள் மங்கும், எழுத்துகளின் ஓரத்தில் நிறம் பிரியும். குவியத் தொலைவு 160 மி.மீ., விட்டம் 60 முதல் 80 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம்.

பெருக்கம் = படத்தின் அகலம் ÷ பேனலின் அகலம். 1500 ÷ 121 = 12.4.

லென்ஸிலிருந்து சுவர் = குவியத் தொலைவு × (1 + பெருக்கம்) = 160 × 13.4 = 2144 மி.மீ.

பேனலிலிருந்து லென்ஸ் = குவியத் தொலைவு × (1 + 1/பெருக்கம்) = 173 மி.மீ.

படம் 1 மீட்டர் அகலம் என்றால் பேனல் தூரம் 179 மி.மீ. ஆகும், 2.5 மீட்டர் என்றால் 168. ஆகவே லென்ஸ் முன்னும் பின்னும் 15 மி.மீ. நகர இடம் இருந்தால் எல்லா அளவுக்கும் ஃபோகஸ் கிடைக்கும். உங்கள் அறையில் லென்ஸுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிட்டு, அதற்கேற்ற குவியத் தொலைவுள்ள லென்ஸை வாங்குங்கள். முதலில் லென்ஸை வாங்கிவிட்டு அறையை அளந்தால் கட்டிலுக்கு நடுவே ஸ்டூல் போட வேண்டி வரும்.

ஃபிரெனல்கள் இரண்டும் பேனலின் குறுக்களவான 140 மி.மீ.யை மூடும் அளவில் வேண்டும். முதலாவது, எல்.இ.டி. பக்கம் இருப்பது, 120 மி.மீ. குவியத் தொலைவு. விரிந்து வரும் வெளிச்சத்தை நேர்க்கதிராக்குவது இதன் வேலை. இரண்டாவது பேனலுக்கு முன்னால் வரும். அந்த நேர்க்கதிரை லென்ஸின் நடுவில் கொண்டுபோய்க் குவிக்கும். லென்ஸ் பேனலிலிருந்து 173 மி.மீ. தள்ளி இருப்பதால் இதன் குவியத் தொலைவு 160 முதல் 170-க்குள் இருப்பது நல்லது. 180 கிடைத்தாலும் சமாளிக்கலாம்.

இரண்டிலும் வரிப்பள்ளங்கள் உள்ள பக்கம் பேனலைப் பார்க்க வேண்டும், வழவழப்பான பக்கம் வெளியே. விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். திருப்பிப் போட்டால் மூலைகளில் வெளிச்சம் குறையும், படத்தைச் சுற்றி மங்கலான வளையம் வரும்.

பெட்டிக்கு முன் பலகை

நேராகப் பெட்டி செய்யத் தொடங்காதீர்கள். ஒரு மீட்டர் நீளப் பலகையில் எல்லாவற்றையும் நிறுத்திப் பாருங்கள். எல்லாவற்றின் மையமும் ஒரே உயரத்தில், ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். எல்.இ.டி.யோ ஃபிரெனலோ விலகினால் ஒரு மூலை இருண்டுவிடும்.

எல்.இ.டி.யைக் குறைந்த கரன்டில் எரியவிட்டு, முதல் ஃபிரெனலை முன்னால் நிறுத்துங்கள். எதிரே வெள்ளை அட்டையை அரை மீட்டரிலும் ஒரு மீட்டரிலும் பிடித்து, வெளிச்ச வட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் வரும்வரை எல்.இ.டி.யை நகர்த்துங்கள். மேலே கண்ணாடி லென்ஸ் இருப்பதால் இந்தத் தூரம் 120 மி.மீ.க்குக் குறைவாகவே வரும். பெரும்பாலும் 80 முதல் 100-க்குள். அடுத்து இரண்டாவது ஃபிரெனலை வைத்து, வெளிச்சம் மிகச் சிறிய புள்ளியாகக் குவியும் இடத்தைப் பாருங்கள். முன் லென்ஸின் நடு அங்கேதான் வர வேண்டும். புள்ளி லென்ஸைத் தாண்டிப் போனால் எல்.இ.டி.யை ஃபிரெனலிலிருந்து சற்றே பின்னுக்கு இழுங்கள். முன்பே குவிந்துவிட்டால் கிட்டே தள்ளுங்கள். கடைசியாகப் பேனலை இடையில் வைத்து ஃபோகஸ் பாருங்கள். லென்ஸ் படத்தைத் தலைகீழாக்கும் என்பதால் பேனலைத் தலைகீழாக, வழக்கமாகப் படம் பார்க்கும் பக்கம் எல்.இ.டி.யை நோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும். அப்போது இடம் வலமும் தானாகச் சரியாகும். டிரிப்லெட்டை முன்பின்னாகத் திருப்பியும் ஒருமுறை பாருங்கள். மூலைகள் எந்தப் பக்கம் தெளிவாக வருகின்றனவோ அதுவே சரியான பக்கம்.

இந்த நிலையில் படத்தில் வளைய வரிகள் தெரிந்தால் காரணம் இரண்டாவது ஃபிரெனல் பேனலை ஒட்டி இருப்பது. 10 முதல் 15 மி.மீ. இடைவெளி விட்டால் வரிகள் ஃபோகஸிலிருந்து விலகி மறையும். அந்த இடைவெளி காற்றோட்டத்துக்கும் வேண்டும்.

எல்லாம் சரியாக அமைந்தபின் ஒவ்வொரு தூரத்தையும் எழுதி வைத்துக்கொண்டு பெட்டிக்குப் போங்கள். 9 மி.மீ. பிளைவுட்டில் உள்ளளவு 450 × 200 × 200 மி.மீ. போதும். ஃபிரெனல்களையும் பேனலையும் பக்கச் சுவர்களில் அறுத்த பள்ளங்களில் செருகுங்கள். பசை போட்டால் பிறகு துடைக்கவே முடியாது. லென்ஸை அதன் விட்டத்துக்குப் பொருந்தும் பி.வி.சி. குழாயில் பொருத்தி, துணி அல்லது ஃபோம் பட்டை சுற்றினால் இறுக்கமாக நகரும். பேனலுக்கும் லென்ஸுக்கும் இடையிலுள்ள அறைக்கு மேட் பிளாக் பூச்சு கட்டாயம். அங்கே தெறிக்கும் வெளிச்சம்தான் கறுப்பைச் சாம்பலாக்குகிறது.

சூடு

இந்தக் கருவி கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். எல்.இ.டி. வெளிவிடும் ஒளியில் பாதி பேனலில் விழுகிறது என்றோம். அதில் மிகப் பெரும் பங்கை பேனல் சூடாக உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளங்கை அளவுக் கண்ணாடியில் 10 வாட்டுக்கும் மேல். 60, 70 டிகிரியைத் தாண்டினால் திரவப் படிகம் தன் ஒழுங்கை இழந்து படத்தின் நடுவே கறுப்புத் திட்டு வரும். உடனே அணைத்து ஆறவிட்டால் அது மறைந்துவிடும். தொடர்ந்து ஓட்டினால் போலரைசர் மஞ்சளாகக் கருகும், அது மீளாது.

பேனலுக்கென்று தனிக் காற்றுப்பாதை அமையுங்கள். கீழே 80 மி.மீ. ஃபேன், மேலே அதே அளவு திறப்பு. காற்று பேனலின் இரண்டு பக்கமும் போக வேண்டும், அதனால் முதல் ஃபிரெனலுக்கும் பேனலுக்கும் நடுவே 20 மி.மீ. விடுங்கள். எல்.இ.டி. கூலரின் சூட்டுக் காற்று இந்த அறைக்குள் வராதபடி நடுவில் ஒரு தடுப்பு. பேனலில் 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சித்திரை வெயிலில் அறையே 37 டிகிரியில் இருக்கும்போது கையிருப்பு 13 டிகிரிதான். மார்கழியில் சோதித்துவிட்டு வெயில் காலத்திலும் அப்படியே ஓடும் என்று விட்டுவிடாதீர்கள்.

உடைந்த எல்.சி.டி. டி.வி. கிடைத்தால் அதன் பின்விளக்கு அடுக்குகளில் பிரதிபலிக்கும் போலரைசர் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் பிடித்தால் மங்கலான கண்ணாடி போல மின்னும். இன்னொரு போலரைசர் வழியாகப் பார்த்தபடி சுழற்றினால் இருண்டு தெளியும். அதை முதல் ஃபிரெனலுக்கும் பேனலுக்கும் நடுவே, படம் மிகப் பிரகாசமாக வரும் திசையில் வைத்தால், பேனல் உறிஞ்ச இருந்ததில் ஏறக்குறைய பாதியைத் திருப்பி அனுப்பிவிடும். செலவே இல்லாமல் பேனலின் ஆயுளைக் கூட்டும் வேலை இது.

மின்சாரம்

230 வோல்ட் உள்ளே வருகிறது. மூன்று பின் பிளக், உள்ளே ஃபியூஸ், ஹீட் சிங்குக்கு (எல்.இ.டி. கூலரின் உலோகப் பகுதி) எர்த் வயர் ஆகியவை வேண்டும். எல்.இ.டி. டிரைவர் 'ஐசோலேட்டட்' வகையாக, அதாவது 230 வோல்ட் பக்கத்தோடு வெளியீட்டுக்கு நேரடி மின்தொடர்பு இல்லாததாக இருக்கட்டும். கே.எஸ்.டி.301 என்ற சிறு தெர்மல் சுவிட்ச், 70 டிகிரியில் துண்டிக்கும் வகையை ஹீட் சிங்கில் ஒட்ட வைத்துத் திருகி, எல்.இ.டி. டிரைவருக்குப் போகும் லைனில் தொடராக இணையுங்கள். ஃபேன் நின்றுபோனாலும் எல்.இ.டி. தானே அணைந்துவிடும். ஃபேன்களுக்கும் பேனலின் டிரைவர் போர்டுக்கும் அவற்றில் குறித்துள்ள வோல்ட்டுக்கு ஏற்ற தனி எஸ்.எம்.பி.எஸ்., தனி சுவிட்ச். எல்.இ.டி.யை அணைத்தபின் இரண்டு மூன்று நிமிடம் ஃபேன் ஓட வேண்டும். எரியும் எல்.இ.டி.யை நேராகப் பார்க்காதீர்கள், பலகைச் சோதனையின்போது குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பிரச்சினை வந்தால்

நான்கு மூலையும் இருண்டிருந்தால் எல்.இ.டி. தூரம் தவறு, அல்லது ஃபிரெனல் சிறியது. ஒரு மூலை மட்டும் என்றால் மையம் விலகியிருக்கிறது. ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால் பேனலும் லென்ஸும் இணையாக இல்லை. படம் மேலே அகன்று சரிவாக விழுந்தால் பெட்டியை முன்புறம் தூக்கியிருக்கிறீர்கள் என்று பொருள். பெட்டியைச் சமமாக வைத்து லென்ஸை மட்டும் சில மி.மீ. மேலே ஏற்றினால் படம் சதுரம் மாறாமல் உயரும். 10 மி.மீ.க்கு மேல் ஏற்றினால் வெளிச்சம் குறையத் தொடங்கும்.

படத்தில் தெளிவான கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் தூசி பேனலில் இருக்கிறது. லென்ஸில் உள்ள தூசி ஃபோகஸில் வராது, அதனால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. காற்று உள்ளே வரும் வழியில் மெல்லிய ஃபோம் வையுங்கள். மாதம் ஒருமுறை அதைக் கழுவுங்கள், ஏனென்றால் அடைத்த ஃபோம் காற்றை நிறுத்தி மேலே சொன்ன சூட்டில் கொண்டுபோய் விடும். ஃபிரெனலைத் துடைக்க மென்மையான துணியும் சோப்புத் தண்ணீரும் மட்டும். தின்னர், அசிட்டோன் பட்டால் அக்ரிலிக் வெளுத்துப்போகும்.