குற்றவியல் நீதி படிப்பில் எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது இப்படித்தான்

காவல்துறைக்கு அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை. அதனால் நன்னடத்தை அலுவலகம் (சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடப்பட்டவர்களைக் கவனிக்கும் இடம்), இலவச சட்ட உதவி மையம், பாதிக்கப்பட்டோருக்கு உதவும் அமைப்புகள் என்று தேடலை விரித்தேன்.

சட்ட உதவி மையத்துக்கு ரெஸ்யூமேயுடன், ஒரு தீர்ப்பை ஒரே பக்கத்தில் சுருக்கி இணைத்தேன்: என்ன நடந்தது, எழுந்த சட்டக் கேள்வி எது, நீதிமன்றம் என்ன சொன்னது, ஏன். நேர்காணலில் பெரும்பாலும் அதைப் பற்றியே பேச்சு. இந்தத் துறையில் எங்கே போனாலும் அறிக்கை எழுதியே ஆக வேண்டும். சொந்தக் கருத்தைக் கலக்காமல் எழுதத் தெரிந்தவர்களுக்கு நல்ல மதிப்பு உண்டு.

பின்னணிச் சரிபார்ப்பு சில இடங்களில் மாதக்கணக்கில் இழுக்கும். ஒரு செமஸ்டர் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். பழைய முகவரிகள், பார்த்த வேலைகள், தேதிகள் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது எனக்குப் பெரிய உதவி. படிவத்தில் சின்ன அபராதத்தைக்கூட மறைக்காதீர்கள்.